அறியேன் எனக் கூறும் துணிவு

மக்கட்குரிய துணிவுகள் பல. பகைவரை எதிர்த்து நிற்றல் ஒரு துணிவு. செல்வம் இழந்த காலத்தும் சொல் தவறாதிருத்தல் மற்றொரு துணிவு. இவற்றைப் புகழ்ந்து பாடிய புலவர் பலர். புலவர் பாடாத துணிவு ஒன்று உண்டு. வயது வந்த ஒருவர், தாம் ஊதியம் பெறும் இடத்தில், பிறர் கேட்ப, ‘இஃது எனக்குத் தெரியாது, கற்றுக்கொடுங்கள்’ என்று கூறும் துணிவே அது. அதன் இயல்பையும், அதனால் விளையும் பயனையும், அதற்குரிய எல்லையையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

பள்ளிப் பிள்ளைகள் ‘தெரியாது’ என்று சொல்ல நாணுவதில்லை. தெரியாமையைக் கொண்டுவந்து வைத்தற்கென்றே அவர்கட்கு ஓரிடம் உண்டு. அவ்விடத்திற்கு வகுப்பு என்று பெயர். கல்லூரி வாயிலைக் கடந்து உத்தியோகத்தில் அமர்ந்த நாள் முதல் அவ்விடம் நமக்கு இல்லாமற் போகின்றது. கற்க வேண்டியவையோ குறைவதில்லை. பல துறைகளில் அவை பெருகவே செய்கின்றன. கற்பதற்குரிய கடமை மிகுந்து, கற்பதற்குரிய இடம் சுருங்கிப் போவதே வேலை பார்க்கும் மாணாக்கரின் இடர்ப்பாடு. இன்னும் சில திங்களில் பட்டம் பெற்று வெளியேறும் மாணவர்கள் இதனை விரைவில் அறிவர். பழைய மாணவர்களாகிய நாமோ நன்கு அறிந்திருக்கின்றோம். அறிந்தும் வெளியிற் சொல்வதில்லை.

யாம் பணி புரியும் வடசென்னையே இதற்குத் தக்க சான்று. இராயபுரம் புகைவண்டி நிலையம் 1856-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. தென்னாட்டின் முதற் பயணிகள் வண்டி அங்கிருந்துதான் வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. நாடு விடுதலை பெற்ற பின்னர்த் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும், எண்ணூரில் லாரித் தொழிற்சாலையும் எழுந்தன. 1970-இல் எண்ணூர் அனல் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 2017-இல் அது மூடப்பட்டது. 1983-இல் சென்னைத் துறைமுகத்தில், கண்டெய்னர் எனப்படும் சரக்குப் பெட்டகங்களுக்கெனத் தனி முனையம் ஒன்று அமைந்தது. 2001-இல் எண்ணூரில் புதிய துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இன்று அதற்குக் காமராசர் பெயர் வழங்குகின்றது.

இவ்வாண்டுகளை வரலாறாகப் படித்தல் எளிது. இவை ஒவ்வொன்றின் பின்னும், கைத்தொழிலில் தேர்ந்த பல்லாயிரவர் ஒரு நாட் காலையில் மீண்டும் தொடக்க மாணாக்கராயினர் என்பதை நினைத்துப் பார்ப்போர் சிலரே. கொக்கியும் தோளுமாக மூட்டை தூக்கியவர் பளுதூக்கியின் சைகைகளைக் கற்க நேர்ந்தது. பேரேடு எழுதிய கை கணிப்பொறியின் விசைகளைத் தேட நேர்ந்தது. நிலக்கரி உலையின் ஓசையைக் கேட்டே அதன் நிலையைக் கூறவல்லவர், அவ்வுலை அவிந்தபின் வேறொரு தொழிலில் கடைசி வரிசையில் நிற்க நேர்ந்தது.

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்னும் பழமொழி இத்தகையோர் காதில் ஓயாது ஒலிக்கின்றது. இப்பழமொழி முழுவதும் உண்மையன்று. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ஆம் ஆண்டையொட்டி அறிவொளி இயக்கம் நடைபெற்றபொழுது, எழுத்தறியாத கிராமப் பெண்கள் பெருந்தொகையினர் எழுதப் படிக்கக் கற்றதோடு சைக்கிள் ஓட்டவும் கற்றனர். சைக்கிள் கற்பவர் விழாமற் கற்றல் இயலாது. அங்ஙனம் விழுவதோ நாற்சுவருக்குள் அன்று, ஊர் நடுவே. மருமகளைப் பெற்ற மாமியாரும், மண் சுமக்கும் கூலிப் பெண்ணும் அவ்வாறு வீதியில் விழுந்து எழுந்து கற்றனர். முழங்கால் வலியை அவர்கள் பொறுத்தனர் என்பதில் வியப்பில்லை. ஊரார் நகையைப் பொறுத்ததே வியப்பு. வளையாமைக்குக் காரணம் வயது என்பதினும், பிறர் பார்க்கின்றனரே என்னும் கூச்சம் என்பதே பொருந்தும் என்று அப்பெண்கள் காட்டிவிட்டனர்.

அக்கூச்சத்திற்குரிய காரணங்கள் பல. முதலாவது, வயதும் மதிப்பும் ஒன்றையொன்று பற்றி நிற்கும் சமூகம் நம்முடையது. வீட்டிற் பெரியவராக இருப்பவர், தம் மகன் வயதுடையானிடம் பாடம் கேட்பது முறை மாறியதுபோல் தோன்றுகின்றது. இரண்டாவது, பிழைப்பைப் பற்றிய அச்சம். ஒப்பந்தத்தின்பேரில் நாட்கூலிக்கு வருபவர், ‘தெரியாது’ என்று சொன்னால் நாளை வரவேண்டாம் என்று சொல்லிவிடுவரோ என அஞ்சுகின்றார். அவ்வச்சம் வீண் அச்சம் என்று நாம் சொல்லிவிட முடியாது. மூன்றாவது, மொழி. இயந்திரத்தின் அறிவிப்புக்களும் நூல்களும் ஆங்கிலத்தில் இருத்தலால், பொருள் தெரியாமையோடு மொழி தெரியாமையும் வெளிப்பட்டுவிடுமே என்னும் தயக்கம் சேர்கின்றது. நான்காவது, பழைய திறமை. ஒரு தொழிலில் வல்லவர் என்று பெயரெடுத்தவர்க்கே புதிய தொழிலில் பிழை செய்தல் மிகவும் நோவைத் தரும். இழப்பதற்கு ஒன்றுமில்லாத இளைஞன் விரைந்து கேட்டுவிடுகின்றான். பெயர் பெற்றவரோ பெயரைக் காத்துக்கொண்டு அமர்ந்திருக்கின்றார்.

இதனை யாம் பிறரைப் பார்த்து எழுதவில்லை. எம்மிடத்தே கண்டதையே எழுதுகின்றோம். சில ஆண்டுகட்கு முன், நாற்பதைக் கடந்த வயதில், சரக்கேற்றுமதிக் காரியாலயம் ஒன்றில் யாம் அமர்ந்தோம். அதற்குமுன் ஒரு பண்டகசாலையில் நெடுநாள் பேரேடும் சிட்டாவும் எழுதி வந்தோம். ‘கணிப்பொறிப் பழக்கம் உண்டா?’ என்று கேட்டபொழுது, ‘உண்டு’ என்றோம். அது பாதிப் பொய். மீதிப் பாதியை முழுப் பொய்யாக்காமல் நாட்களைக் கடத்துவதே அங்கு எமக்குப் பெருந்தொழிலாயிற்று.

ஒரு நாள் மாலை, ஒரு பெட்டகத்தின் எண்ணைப் பதியுங்கால் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி அடித்துவிட்டோம். உடனே திரையில் சிவப்பு எழுத்தில் ஓர் அறிவிப்புத் தோன்றிற்று. அதன் பொருள் எமக்கு விளங்கவில்லை. மீண்டும் அடித்தோம்; மீண்டும் அதுவே தோன்றிற்று. அடுத்த மேசையில் இருந்தவர் எம்மினும் பதினைந்து ஆண்டு இளையவர். அத்தொழிலில் நன்கு பழகியவர். அவரை ஒரு சொல் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். யாம் கேட்கவில்லை. மறுநாட் காலையில் யாரும் வருமுன் வந்து பார்த்துக்கொள்வோம் என எண்ணித் திரையை மூடினோம். ‘முடிந்ததா, அண்ணா?’ என்று அவர் கேட்டார். ‘முடிந்தது, தம்பி’ என்று கூறி வீட்டிற்குச் சென்றோம்.

அப்பெட்டகத்தை ஏற்றிய டிரெய்லர் லாரி எண்ணூர் விரைவுச் சாலையின் நீண்ட வரிசையில் ஊர்ந்து நள்ளிரவில் துறைமுக வாயிலை அடைந்தது. அதன் எண் பதிவில் இல்லை. ஓட்டுநர் வரிசையினின்றும் விலக்கப்பட்டார். வண்டியை விட்டு அகலவும் இயலாமல், உண்ணவும் வழியில்லாமல், மறுநாள் நண்பகல்வரை அவர் சாலையோரத்திற் கிடந்தார். அன்று காலை அவர் தம் தங்கையின் நிச்சயதார்த்தத்திற்கு ஊர் சென்றிருக்க வேண்டியவர் என்பதைப் பின்னரே அறிந்தோம். காகிதங்களை எடுத்துக்கொண்டு யாமே அவரிடம் சென்றோம். நடந்ததை மறைக்காமற் கூறினோம். அவர் எம்மை வைதிருந்தால் மனம் ஆறியிருக்கும். ‘தெரியவில்லை என்று யாரையாவது கேட்டிருக்கலாமே, ஐயா’ என்று மட்டும் சொல்லி வண்டியைக் கிளப்பினார்.

அன்று மாலை அடுத்த மேசைக்குச் சென்று, ‘தம்பி, இந்த வேலையிற் பாதி எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் இருந்துவிட்டேன். கற்றுக்கொடுக்க முடியுமா?’ என்றோம். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். ‘இவ்வளவுதானா, அண்ணா! முதல் மாதம் எனக்கும் அந்தச் சிவப்பு எழுத்துப் புரியவேயில்லை’ என்றார். ஒரே பிழையை இருவரும் செய்து, இருவரும் மறைத்து, அருகருகே அமர்ந்திருந்தோம் என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று. அடுத்த வாரம் அவரே எம்மிடம் வந்து, வரவும் செலவும் ஒவ்வாத ஒரு கணக்கைக் காட்டி, ‘இது எங்கே உதைக்கிறது என்று பாருங்கள், அண்ணா’ என்றார். யாம் மாணாக்கராக ஒப்புக்கொண்ட பின்னரே அவர்க்கு ஆசிரியராகவும் ஆனோம்.

அச்சிவப்பு எழுத்தின் பொருளைக் கற்றபொழுது எமக்கு ஒரு பேருண்மை புலப்பட்டது. ஒவ்வொரு பெட்டகத்தின் எண்ணிலும் முதலில் நான்கு ஆங்கில எழுத்துக்கள் உண்டு; பின்னர் ஆறு இலக்கங்கள்; இறுதியில், பெரும்பாலும் ஒரு கட்டத்துள், தனியே ஓர் இலக்கம். இவ்விறுதி இலக்கம் சரிபார்ப்பதற்கென்றே உள்ளது. எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மதிப்பு வகுக்கப்பட்டிருக்கின்றது. முதலிடத்து மதிப்பை 1 ஆலும், அடுத்ததை 2 ஆலும், அதற்கடுத்ததை 4 ஆலும், இவ்வாறே இடந்தோறும் இரட்டித்துப் பெருக்கிக் கூட்டி, வரும் தொகையை 11 ஆல் வகுத்தால் எஞ்சும் மீதியே அவ்விலக்கம். மீதி 10 ஆயின் 0 என இடுவர். இடந்தோறும் பெருக்கும் எண் வேறாதலால், இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் பொதுவாக மீதியும் மாறிவிடும், பிழை பிடிபடும். உலகக் கப்பல் வாணிகம் முழுவதும், எழுதுபவர் தவறுவர் என்பதை முன்னரே ஒப்புக்கொண்டு, அத்தவற்றிற்கென ஓர் இலக்கத்தை ஒதுக்கி வைத்திருக்கின்றது. அவ்வளவு பெரிய வாணிகம் நாணாமல் ஒப்புக்கொண்டதை யாம் ஒப்புக்கொள்ள நாணினோம்.

அமெரிக்க நாட்டில் எமி எட்மண்ட்சன் என்னும் ஆராய்ச்சியாளர், மருத்துவமனைச் செவிலியர் குழுக்களைப் பற்றி 1996-இல் வெளியிட்ட ஆய்வு ஈண்டு நினைக்கத் தக்கது. நன்கு இணைந்து பணியாற்றும் குழுக்களில் மருந்து கொடுப்பதிற் பிழைகள் குறைவாக இருக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். ஏடுகளோ அத்தகைய குழுக்களிலேயே பிழைகள் மிகுதி எனக் காட்டின. நுணுகி ஆராய்ந்தபொழுது காரணம் தெரிந்தது: நல்ல குழுவினர் பிழையை வெளியிற் சொல்லினர், ஏனையோர் மறைத்தனர். பிழையையும் ஐயத்தையும் அஞ்சாது கூறலாம் என்று ஒரு குழுவினர் தமக்குள் கொண்ட நம்பிக்கையை 1999-இல் அவர் விரித்து எழுதினார். அதனை உளப் பாதுகாப்பு எனலாம். ஆகவே, ‘எங்கள் பிரிவில் பிழையே இல்லை’ என்று கூறும் மேலாளர் மகிழ்வதற்கு முன், தம்மிடம் வந்து பேச அஞ்சுவோர் உளரோ என்று நோக்குதல் நலம்.

துறைமுகத் தொழிலில் இம்மறைப்புக்குரிய விலை பணத்தோடு நிற்பதன்று. பளுதூக்கியில் பெட்டகம் தொங்கும்பொழுது சைகையை ஐயுற்றவர் வாளாவிருந்தால், கீழே நிற்பவர் உயிர் போகும். அதனாலேயே, ‘நிறுத்து’ என்னும் சைகையை யார் காட்டினும், அவர் அன்று காலை வேலைக்கு வந்தவரேயாயினும், பளுதூக்கியை இயக்குபவர் நிறுத்தியாக வேண்டும் என்பது அத்தொழிலின் விதி. ஏனைய சைகைகளைக் காட்டுதற்கு உரியவர் ஒருவரே; ஐயத்தைக் காட்டுதற்கு உரியவர் எல்லோரும்.

இவ்வியல்பு தனி மனிதர்க்கேயன்றி நிறுவனங்கட்கும் வேண்டும். 2017-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 28-ஆம் நாள் எண்ணூருக்கு அப்பால் கடலில் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய்க் கசிவால் தீங்கு ஏதும் இல்லை என்ற செய்தியே முதலில் வெளியாயிற்று. சில நாட்களில் கரிய எண்ணெய் கரையிற் படிந்து, மீனவரும் மாணவரும் பிறரும் வாளிகளால் அதனை அள்ளி எடுத்த காட்சியை வடசென்னை மக்கள் மறவார். கசிந்த எண்ணெய் எவருடைய மறுப்பிற்கும் காத்திராமல் கரையேறிவிட்டது.

‘அறியேன்’ என்பது திறமையின்மைக்கு அடையாளம் என்பாரை யாம் துறைமுக முகப்பிற்கு அழைத்துச் செல்வோம். பல கடல்களைக் கடந்து வந்த கப்பற் தலைவர் சென்னைக் கரையை நெருங்கியதும் தாமே உள்ளே நுழைந்துவிடுவதில்லை. உள்ளூர்த் துறையின் ஆழமும் நீரோட்டமும் அறிந்த பைலட் ஒருவர் சிறு படகில் வந்து கப்பலில் ஏறும்வரை காத்திருக்கின்றார். ‘எமக்குப் பைலட் வேண்டும்’ என்பதைக் குறிக்க, மஞ்சளும் நீலமுமான நெடும்பட்டைகள் மாறி மாறி அமைந்த ஒரு கொடி, நாடுகளுக்கெல்லாம் பொதுவான கொடிக்குறி முறையில் இருக்கின்றது. அக்கொடியைக் கண்டு எவரும் நகைப்பதில்லை. பைலட் ஏறிய பின்னரும் கப்பலுக்குப் பொறுப்பானவர் தலைவரே. உதவி கேட்பதால் அவர்தம் தலைமை குறைவதில்லை. அவர் பிறப்பிக்கும் கட்டளையைச் சுக்கான் பிடிப்பவர் திரும்பச் சொல்லிவிட்டே நிறைவேற்றுகின்றார். தாம் கேட்டது சரிதானா என்று அறிவதற்கு அது வழி. கடலோர் இவ்வாறு ஐயத்தை முறையாக்கி வைத்திருக்கின்றனர்.

இத்துணிவிற்கு யாம் அறிந்த தலைசிறந்த எடுத்துக்காட்டும் இத்துறைமுகத்தைச் சார்ந்ததே. 1912-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள், சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் திங்களுக்கு முப்பது ரூபாய் ஊதியத்தில் ஓர் இளைஞர் எழுத்தராக அமர்ந்தார். கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரியிற் சேர்ந்து, கணிதம் ஒழிந்த பாடங்களில் தேறாமற் போனவர் அவர். அவரே இராமாநுஜன். அக்காரியாலயத்தில் அவர்க்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் தாமும் கணிதம் வல்லவர். எழுத்தர் என்று ஒதுக்காமல் அவருடன் அமர்ந்து கணக்குகளை ஆராய்ந்தார். கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் ஆதரவளித்தார்.

1913 சனவரி 16-ஆம் நாள் இராமாநுஜன் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு எழுதிய கடிதம் உலகறிந்தது. அதன் தொடக்கத்தில் அவர் தம் பெருமை எதனையும் கூறவில்லை. தாம் ஓர் எழுத்தர் என்பதையும், தம் சொற்ப ஊதியத்தையும், பல்கலைக்கழகக் கல்வி தமக்கு இல்லை என்பதையுமே கூறினார். அதே கடிதத்தில் தாம் கண்ட தேற்றங்களை அஞ்சாமல் அடுக்கினார். தம் குறையையும் தம் தகுதியையும் ஒரே கடிதத்தில் மறைவின்றி வைத்தமையே அதன் சிறப்பு. அதற்குமுன் வேறு பேராசிரியர் இருவர்க்கு எழுதி உதவி பெறாமற் போனவர் அவர் என்பதையும் மறத்தலாகாது. ஒருமுறை கதவு திறக்காமற் போனால் மறுமுறை தட்டுதற்கு முன்னினும் மிகுந்த துணிவு வேண்டும். பகா எண்களைப் பற்றி அவர் கூறியவற்றுட் சில பிழையாக இருந்தன. ஹார்டியும் லிட்டில்வுட்டும் அதனைச் சுட்டினர். 1914 மார்ச்சில் கப்பலேறிய அவர், நிறுவல் முறை முதலாய தாம் அறியாதவற்றைக் கேம்பிரிட்ஜில் கற்றார். 1916-இல் பட்டம் பெற்றார். 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அவர்க்கு வாய்த்த மேதை நமக்கு வாய்ப்பதன்று. அக்கடிதத்தின் முதல் வரிகளை எழுதிய நேர்மையோ யாவர்க்கும் இயல்வது.

இனி, இத்துணிவைப் பழகும் வழி யாது? பொதுவாக ‘ஒன்றும் புரியவில்லை’ என்பதைவிட, ‘இவ்விடம் வரை புரிகின்றது, இதற்கு மேல் புரியவில்லை’ என்று குறித்துக் கேட்டல் நன்று, அங்ஙனம் கேட்பவரைக் கேட்கப்படுபவர் மதிப்பர். நாட்கள் கடந்தால் கேள்வி கனத்துப்போகும். முதல் வாரத்திற் கேட்பதை ஆறாவது திங்களிற் கேட்டல் அரிது. கேட்டதைக் குறித்துக்கொண்டு தம் வாயால் திரும்பச் சொல்லிப் பார்த்தல் வேண்டும். மேலிருப்போர்க்கு யாம் கூறுவது ஒன்றே: தாம் அறியாத ஒன்றை முதலில் தாமே வெளியிடுக. தலைவர் காட்டாத வெற்றிடத்தைத் தொழிலாளர் காட்டுவர் என எதிர்பார்த்தல் முறையன்று.

எல்லையும் கூற வேண்டும். மனத்தைத் திறத்தல் என்பது கண்டாரிடமெல்லாம் கண்ணீர் விடுதலன்று. ஐயத்தைக் கூறியதற்காகவே ஒருவரை வேலையினின்றும் நீக்கும் இடங்களும் உண்டு. அங்கே தனியொருவர் துணிவை மட்டும் நம்பச் சொல்லுதல் கொடுமை. உடன் உழைப்போர் இருவர் மூவராகச் சேர்ந்து கேட்டலும், தொழிற்சங்கத்தின் வாயிலாகப் பயிற்சி வேண்டலும் அங்கு ஏற்புடைய வழிகள். கேட்பவர் துணிய வேண்டுமாயின், கேட்டவரைத் தண்டியாத இடமும் வேண்டும். இரண்டுள் ஒன்று குறையினும் மற்றது நெடுநாள் நில்லாது.

திருவள்ளுவர் கல்வி, கல்லாமை, கேள்வி, அறிவுடைமை, குற்றங்கடிதல் ஆகிய அதிகாரங்களை 40 முதல் 44 வரை வரிசையாக வைத்தார். இவற்றை அவர் பிள்ளைகட்குரிய பகுதியில் வைக்கவில்லை. ஆட்சிப் பொறுப்பேற்றவர்க்குரிய அரசியலில் வைத்தார். பொறுப்புள்ள பதவியில் அமர்ந்தவரே கற்கவும், கேட்கவும், தம் குற்றத்தைக் காணவும் வேண்டியவர் என்பது இவ்வைப்பு முறையால் நாம் கொள்ளத்தக்க கருத்து.

மாணவ நண்பர்களே! நீங்கள் நாளை அமரும் மேசைக்கு அடுத்த மேசையில் ஒருவர், தலை நரைத்தவராய், திரையை நோக்கி நெடுநேரம் வாளாவிருத்தல் கூடும். அவர் கேட்பதற்கு முன் நீங்கள் நாற்காலியை இழுத்துப் போடுங்கள். உங்களுக்கும் முதலில் அது தெரியாதிருந்தது என்பதைச் சொல்லுங்கள். பழைய மாணவ அன்பர்களே! அவ்வாறு வாளாவிருப்பவர் நாமாயின், மாலைக்குள் கேட்டுவிடுவோம். நள்ளிரவில் வாயிலுக்கு வந்து நிற்கப்போகும் ஒரு வண்டி அதற்குள் எங்கோ புறப்பட்டிருக்கும்.